1958, 1983: கலவர ஆண்டுகளின் இன்னொரு கணக்கு

சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் வசிக்கும் வாசகி ஒருவர் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதனுடன் ஒரு புகைப்படம் இணைக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் கிழிந்து, மை மங்கிப்போன ஓர் அட்டை. ஊழியர் சேமலாப நிதியத்தின் அங்கத்துவ அட்டை அது. நம்மவர் பேச்சில் 'பி கார்ட்'. அவருடைய தந்தையார் வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் குடியிருந்து, கொழும்புக் கோட்டையில் இருந்த வர்த்தக நிறுவனம் ஒன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். 1983 ஜூலையில் அகதி முகாமிலிருந்து 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குச் சென்றவர், பின்னர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். கொழும்புக்குத் திரும்பவேயில்லை.

"அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய பெட்டிக்குள் பாஸ்போட்டோடு சேர்த்து இதையும் வைத்திருந்தார். இதற்கு இன்றைக்கு ஏதும் பெறுமதி உண்டோ, அங்கிள்?" என்று கேட்டிருந்தார் அந்த மகள்.

ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழர்களாகிய நாம் அந்த வரலாற்றை அதிகம் பேசியதில்லை. 1958 என்றால் நமக்கு ஒரு கலவரம். 1983 என்றால் இன்னொரு கலவரம். ஆனால் இந்த நாட்டில் தனியார் துறையில் உழைத்து முதுமையடையும் ஒருவருக்கு இன்று சட்டப்படி உரித்தான இரண்டு பெரிய கொடுப்பனவுகளும் அதே இரண்டு ஆண்டுகளில் பிறந்தவை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்.

*

"கோழி மேய்த்தாலும் கவுண்மெந்தில் மேய்க்க வேண்டும்" என்று நம் முன்னோர் சொன்னது வெறும் அதிகார மோகத்தால் அல்ல. அந்தப் பழமொழிக்குள் இருப்பது ஓய்வூதியம். ஆங்கிலேயர் காலத்திலேயே அரச ஊழியருக்கு ஓய்வூதியப் பிரமாணக் குறிப்புகள் எழுதப்பட்டுவிட்டன. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர் கொழும்பில் முப்பது ஆண்டுகள் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, மாதந்தோறும் வரப்போகும் ஒரு தொகையை நம்பித்தான் திரும்பினார். கலியாணச் சந்தையில் அவருக்கிருந்த மதிப்புக்கும் அதுவே காரணம்.

தனியார் துறையில் அப்படி எதுவும் இருக்கவில்லை. வெள்ளவத்தையையே எடுத்துக்கொள்வோம். இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடித்தொகுதிகள் எழுந்து நிற்கும் அந்தப் பரந்த நிலத்தில்தான் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கிவந்தது. சிங்களத்தில் 'ரெதி மோல' என்பார்கள். கொழும்பின் மிகப் பெரிய தொழிற்சாலைகளுள் அது ஒன்று. தொழிலாளருள் கணிசமானோர் இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து வந்தவர்கள். 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை. இளம் வழக்கறிஞராக இருந்த கொல்வின் ஆர். டி சில்வா அதற்குத் தலைமை தாங்கினார். அதுவரை தொழிலாளரின் ஏகத் தலைவராக விளங்கிய ஏ.ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. ஆனால் அன்றைய அந்த ஆலைத் தொழிலாளி கூலிக்காகப் போராட முடிந்ததே தவிர, முதுமைக்காகக் கேட்பதற்கு அவன் கையில் எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் துறைமுகம். முகத்துவாரத்திலிருந்தும் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் விடியற்காலையில் துறைமுக வாசலுக்கு நடந்துபோய், அன்றைய வேலை கிடைக்குமா என்று காத்து நின்ற ஒரு தலைமுறை இருந்தது. 1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைக்கப்படும்வரை அங்கே சரக்கு ஏற்றி இறக்கியவை தனியார் நிறுவனங்களே. அன்றாடக் கூலிக்கு நின்றவனுக்கு ஓய்வு என்பதன் பொருள், மறுநாள் வாசலில் போய் நிற்கும் பலம் இல்லாமல் போவது என்பதுதான்.

பெரிய ஆங்கிலேயக் கம்பனிகள் சிலவற்றில் சொந்தமாகச் சேமலாப நிதிகள் இருந்தன. தோட்டத்துரைமாருக்கும் தோட்டத்து உத்தியோகத்தருக்கும் தனித்தனி நிதிகள் இருந்தன. மற்றவர்களுக்கு முதலாளியின் மனமே சட்டம்.

*

இதை மாற்றிய மனிதர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1947இல் அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் ரீ.பி. இலங்கரத்ன. அந்த வேலைநிறுத்தத்தின்போது, ஜூன் 5ஆம் திகதி, ஊர்வலத்தின் மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். இலங்கரத்ன வேலையிழந்தார். விவசாயப் போதனாசிரியராக அரச சேவையில் இருந்த பாலா தம்புவும் அதே வேலைநிறுத்தத்தால் வேலையிழந்தார். மறு ஆண்டே இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளரான அவர், 2014இல் மறையும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசில் இலங்கரத்ன தொழில் அமைச்சரானார். 'அம்ப யாலுவோ' என்ற சிறுவர் நாவலை எழுதியவர் என்று சிங்களப் பிள்ளைகள் அவரை அறிவார்கள். தனியார் துறை ஊழியர்களோ ஊழியர் சேமலாப நிதியத்தின் தந்தை என்று அறியவேண்டும். ஊழியர் 4 சதவீதம், முதலாளி 6 சதவீதம் என்று தொடங்கிய அந்த நிதி படிப்படியாக உயர்ந்து, இன்று ஊழியர் 8, முதலாளி 12 என்ற நிலையில் நிற்கிறது. உறுப்பினர் விபரங்களைத் தொழில் திணைக்களம் பார்க்கும். பணத்தை மத்திய வங்கி முதலிடும்.

வரலாற்றின் கொடுமையைப் பாருங்கள். தனிச் சிங்களச் சட்டத்தால் தமிழ் எழுதுவினைஞர்களின் அரச சேவைக் கதவை ஒடுக்கிய அதே அரசாங்கம்தான், தனியார் துறைக்குப் போன தமிழ் எழுதுவினைஞர்களுக்குச் சேமலாப நிதியையும் தந்தது. 1958 கலவரத்தின் காரணமாகக் கொழும்பிலிருந்து கப்பலேறிய நம்மவர் பலர், அந்தச் சட்டத்தை அப்போது கவனித்திருக்கவே மாட்டார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையிலும் சேமலாப நிதி என்ற சொல் இடம்பெறுகிறது. அது பலருக்குத் தெரியாது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்ற எண்ணிக்கைகளைத்தான் நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் நாடு திரும்புவோர் தமது சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளடக்கிய சொத்துக்களைத் தம்மோடு எடுத்துச் செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. இரண்டு மூன்று தலைமுறைகள் மலையில் உழைத்த ஒரு குடும்பத்தின் வாழ்க்கைக்கு இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசிய கணக்கு அது.

*

சேமலாப நிதி ஊழியரின் சொந்தச் சேமிப்பும் முதலாளியின் பங்கும் சேர்ந்தது. பணிக்கொடை வேறு. அது நீண்டகாலச் சேவைக்கு முதலாளி மட்டும் தன் பையிலிருந்து கொடுப்பது. 1957இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் தொழில் நியாயசபைகளை ஏற்படுத்தி, பணிக்கொடை கேட்டுத் தொழிலாளி அங்கே போகலாம் என்று வழி திறந்தது. ஆனால் போகவேண்டும்; வழக்காடவேண்டும்; எவ்வளவு என்பதை நியாயசபை தீர்மானிக்கவேண்டும். வயது போன காலத்தில், நாற்பது ஆண்டுகள் "சேர்" என்று அழைத்தவரை எதிர்த்து வழக்காடப் போனவர்கள் குறைவு.

1983ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை உரிமையாக்கியது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டுகள் சேவை முடித்தவர் விலகும்போது, மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம். நாட்கூலியாளருக்குப் பதினான்கு நாள் கூலி. கணக்குக்கு எடுக்கப்படுவது கடைசியாகப் பெற்ற சம்பளம்.

அந்த ஆண்டின் ஜூலையில் என்ன நடந்தது என்பதை நான் விபரிக்கத் தேவையில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். என் தந்தையார் புறக்கோட்டையில் நம்மவர் ஒருவரின் மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். முதலாளி நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீபாவளிக்கு வேட்டி சேலை வரும். எனக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். சேமலாப நிதிக்குப் பெயர் பதிவது பற்றி ஒருமுறை அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "அதெல்லாம் என்னத்துக்கு? உனக்கு நான் இருக்கிறேன்தானே?" என்றாராம் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஜூலை 25ஆம் திகதி கடை எரிந்தது. பேரேடுகளும் எரிந்தன. முதலாளி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். சில ஆண்டுகளில் அங்கேயே இறந்துபோனார். பத்தொன்பது ஆண்டு வேலை செய்ததற்கு என் தந்தையாரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் அவருடைய பெயர் இல்லை. மேசன்மாருக்குக் கூலிக் கணக்கு எழுதிக் கொடுத்துத்தான் அவர் தம் கடைசிக் காலத்தை ஓட்டினார்.

எரிந்தது தமிழ்க் கடைகள் மட்டுமல்ல. தமிழர் நடத்திய பெரிய ஆலைகளும்தான். மகாராஜா நிறுவனத்தின் தொழிற்சாலைகளும் கே. குணரத்தினத்தின் தொழிற்சாலைகளும் தீக்கிரையானபோது, அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கான சிங்களத் தொழிலாளரும் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் சேமலாப நிதிக்கு முறையாகப் பணம் கட்டிய நிறுவனங்களில் வேலை செய்தவர்களின் கணக்கு, ஆலையோடு சேர்ந்து எரியவில்லை. அது வேறிடத்தில், அரசாங்கத்தின் பேரேட்டில் இருந்தது. வாசகியின் தந்தையாருக்கும் என் தந்தையாருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த ஓர் அட்டைதான்.

*

இவ்வளவும் சொன்னபின் முதலாளி பக்கத்துக் கணக்கையும் பார்ப்பதுதான் பத்திரிகை தர்மம்.

மாதம் 1,00,000 ரூபா சம்பளம் வாங்கும் ஒருவருக்காக நிறுவனம் சேமலாப நிதிக்கு 12,000 கட்டுகிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், அதாவது 3,000. பணிக்கொடைக்காக ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் ஒதுக்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 4,167. ஆக, சம்பளத்துக்கு மேல் 19,000 ரூபாவுக்குச் சற்று அதிகம். இதில் முதல் இரண்டும் தலைவலி தராதவை. அந்தந்த மாதம் கட்டினால் அந்தக் கடமை அத்தோடு முடிந்தது.

பணிக்கொடை அப்படியல்ல. அது கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதால், இன்று கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் கடந்துபோன எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கடனைக் கூட்டுகிறது. பழைய நிறுவனம், நீண்டகால ஊழியர், நிறையத் தொழிலாளர் என்று மூன்றும் சேர்ந்தால் அந்தக் கடன் மலையாகும். இதற்குச் சிறந்த உதாரணம், தலைமையகங்கள் கொழும்பில் இருந்தும் தொழிலாளர் மலையில் இருக்கும் பெருந்தோட்டக் கம்பனிகள்.

1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது, தொழிலாளரோடு சேர்ந்து அவர்களுடைய பழைய சேவைக்கான பணிக்கொடைக் கடமையும் போனது. 2016 ஒக்டோபரில் எட்டிய கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்கூலி 730 ரூபா. ஆனால் அடிப்படைக் கூலி 500தான். மீதி வரவுக்கும் உற்பத்திக்கும் விலைக்குமான கொடுப்பனவுகள். 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. முப்பது ஆண்டு சேவையுள்ள ஒரு தொழிலாளிக்கு, 500இன்படி பணிக்கொடை 2,10,000 ரூபா. 700இன்படி 2,94,000. ஒரு கையெழுத்தில், ஒரே இரவில், ஓராளுக்கு 84,000 ரூபா கூடிவிட்டது. பத்தாயிரம் பேருள்ள கம்பனி எவ்வளவு புதிய கடனைத் தன் ஐந்தொகையில் எழுதியிருக்கும் என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் கூலி 1,000 ஆனபோது கம்பனிகள் நீதிமன்றம் வரை போனதற்கு அன்றாடக் கூலிச் செலவு மட்டும் காரணமல்ல.

கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்களின்போது அடிப்படைக் கூலியா, கொடுப்பனவா என்று இரவிரவாக நடந்த இழுபறியின் பொருள் இதுதான். இளம் நிருபனாக அந்தப் பேச்சுக்களின் வாசலில் காத்து நின்ற காலத்தில் எனக்கு இது விளங்கவில்லை. மொத்தத் தொகையைத் தலைப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். தொழிலாளியின் முதுமை, தலைப்பில் வராத அந்த அடிப்படைக் கூலியில்தான் இருந்தது.

உலகத்திலும் இதே கதைதான். 2009 ஜூன் 1ஆம் திகதி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிய ஜெனரல் மோட்டர்ஸ், தான் விற்ற ஒவ்வொரு காருக்குள்ளும் ஊழியர்களதும் ஓய்வு பெற்றோரதும் மருத்துவச் செலவாக ஏறத்தாழ 1,500 டொலர் இருப்பதாக முறையிட்டு வந்தது. அந்த வாக்குறுதிகள் விற்பனை பெருகிய காலத்தில் கொடுக்கப்பட்டவை. விலை கொடுக்கவேண்டி வந்தது விற்பனை சுருங்கிய காலத்தில். ஆகவேதான் உலகெங்கும் நிறுவனங்கள், "இவ்வளவு தருவோம்" என்ற வாக்குறுதியிலிருந்து "இவ்வளவு கட்டுவோம், மிச்சம் உன் பாடு" என்ற ஏற்பாட்டுக்கு நகர்ந்தன. நம் அரச வங்கிகளிலும் 1996க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமற் போனது. ஒரே கருமபீடத்தின் பின்னால் அருகருகே இருந்து ஒரே வேலையைச் செய்த இருவருக்கு இரண்டு வகை முதுமை.

நிறுவனம் பொறுப்பில் வைத்திருக்கும் பணத்துக்கும் பாதுகாப்பில்லை என்பதற்குப் பத்திரிகை உலகமே சாட்சி. 1991 நவம்பரில் ரொபேட் மக்ஸ்வெல் உல்லாசப் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தபின்புதான், லண்டன் 'மிரர்' குழும ஊழியரின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடிப் பவுணுக்கு மேல் காணாமற் போயிருந்தது தெரியவந்தது.

*

அப்படியானால் அரசாங்கத்தின் கையில் இருக்கும் பணம் பாதுகாப்பானதா?

ஊழியர் சேமலாப நிதியம் இந்த நாட்டின் மிகப் பெரிய நிதிக் குளம். 2022 இறுதியில் அதன் பெறுமதி 3,40,000 கோடி ரூபாவுக்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கப் பிணைமுறிகளில்தான் இருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், தொழிலாளியின் முதுமைக்கான பணத்தை வாங்கிச் செலவழித்தவர் திறைசேரியார்.

2011இல் தனியார் துறைக்கு ஓய்வூதியம் தருகிறோம் என்று ஒரு சட்டமூலம் வந்தது. கேட்க இனிமையானதுதான். ஊழியர் மேலும் 2 சதவீதமும் முதலாளி மேலும் 2 சதவீதமும் கட்டவேண்டும். ஆனால் ஆடைத் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் கலியாணத்துக்காக ஊர் திரும்பும் பெண்ணுக்கு அந்த ஓய்வூதியத்தால் என்ன பயன்? கட்டுநாயக்காவில் அந்தப் பெண்களும் இளைஞர்களும் தெருவில் இறங்கினார்கள். மே 30ஆம் திகதி பொலிஸார் சுட்டார்கள். ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி ஜூன் 1ஆம் திகதி இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது, பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். 1947 ஜூனில் கந்தசாமி, 2011 ஜூனில் ரொஷேன் சானக. உழைப்பவர் உரிமைக்காக ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் பொலிஸ் குண்டுக்குப் பலியாகியிருக்கிறார்கள். இந்த இரு பெயர்களையும் சேர்த்து நினைவுகூரும் மேடை எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

2015 பெப்ரவரிப் பிணைமுறி விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, ஏலத்தில் நேரடியாக வாங்கியிருக்கக்கூடிய பிணைமுறிகளைச் சேமலாப நிதியம் இரண்டாந்தரச் சந்தையில் கூடிய விலைக்கு வாங்கியதை வெளிக்கொணர்ந்தது. அதைவிடப் பெரிய இழப்பு சத்தமின்றி வந்தது. 2022இல் நிதியம் உறுப்பினருக்கு அளித்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதத்துக்கு மேல். அதாவது 100 ரூபா 109 ஆனபோது, 100 ரூபாச் சாமானின் விலை 146 ஆகியிருந்தது. வாழ்நாள் சேமிப்பின் வாங்குசக்தியில் நாலில் ஒரு பங்கு ஒரே ஆண்டில் கரைந்துபோனது. யாரும் திருடவில்லை, கணக்குப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. ஓய்வுகால நிதியங்களுக்கு மட்டும் தெரிவு ஒன்று கொடுக்கப்பட்டது. பழைய பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டு, 2026இன் தொடக்கம் வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் தரும் புதியவற்றை வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் வருமான வரி 14க்குப் பதிலாக 30 சதவீதம். இதைத் தெரிவு என்று அழைப்பது தமிழுக்குச் செய்யும் துரோகம். நிதியம் மாற்றிக்கொண்டது. 2023ஆம் ஆண்டுக்கு 13 சதவீத வட்டி அளிக்கப்பட்டது உண்மை. ஆனால் 2022இல் போனது திரும்பி வரவில்லை.

*

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. ஆண்கள் சேமலாப நிதியை எடுக்கக்கூடிய வயது. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய், 'கே' விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் முகத்துவாரத்துக்காரர். கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். "ஐயா எத்தனை வருஷம் சேர்வீஸ்?" என்று கேட்டார். முப்பத்துநான்கு என்றேன். கணக்கில் இருந்ததோ முப்பத்தொன்று. நான் முதலில் சேர்ந்த பத்திரிகையில், பெயர் வேண்டாம், மூன்று ஆண்டுகள் என்னைத் 'தற்காலிகம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். இரவுக் கடமை தற்காலிகமாக இருக்கவில்லை. குண்டு வெடித்த இடங்களுக்கு ஓடியதும் தற்காலிகமாக இருக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளை நான் அப்போது கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம். ஆசிரியர் பீடத்துப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை மறுபக்கம். "உனக்கு நான் இருக்கிறேன்தானே" என்ற அதே குரலுக்கு மகனும் ஏமாந்தான்.

என்னைவிட மோசம் மாகாண நிருபர்களின் நிலை. போர்க்காலம் முழுவதும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து செய்தி அனுப்பிய எத்தனையோ பேர், வெளியான செய்திக்கு இவ்வளவு என்று பணம் பெற்றவர்கள். அவர்களுக்குச் சேமலாப நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் சேமலாப நிதி நிலுவை பற்றி அவர்கள் எழுதிய செய்திகளை நானே திருத்திப் பிரசுரித்திருக்கிறேன். அரசின் கையில் எஞ்சிய ஜனவசம தோட்டங்களிலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத் தோட்டங்களிலும், தொழிலாளியின் சம்பளத்தில் கழித்த பணமே நிதியத்துக்குப் போய்ச் சேராத கதை அது. சட்டத்தை இயற்றிய அரசே சட்டத்தை மீறிய முதலாளியாகவும் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும், அந்தச் சட்டங்கள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். முதலாளியின் நல்ல மனம் ஒரு நாள் நெருப்பில் போய்விடும். நிறுவனத்தின் வாக்குறுதி நட்டம் வந்தால் போய்விடும். அரசின் பேரேடு பணவீக்கத்தில் மெலியும். ஆனால் பெயர் அழியாது. மூன்றிலும் குறை உண்டு. மூன்றாவதில் மட்டும்தான் வாரிசுகள் போய்க் கேட்கக்கூடிய ஒரு கருமபீடம் இருக்கிறது.

வாசகிக்கு எழுதிய பதிலை இங்கே சுருக்கித் தருகிறேன். உலகெங்கும் பரந்திருக்கும் நம்மவர் வீட்டுப் பெட்டிகளில் இப்படி இன்னும் எத்தனை அட்டைகள் கிடக்கின்றனவோ.

அட்டையை எறிந்துவிடாதீர்கள், மகள். அதிலுள்ள நிறுவன இலக்கமும் அங்கத்துவ இலக்கமும்தான் திறவுகோல். நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறியவர்களும் அந்தப் பணத்தைக் கோரலாம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் அப்பா கோரவில்லைப் போலும். அவர் யாரையும் பின்னுரித்தாளியாக நியமித்திருந்தால் அவருக்கு, இல்லையேல் சட்டபூர்வ வாரிசுகளுக்கு அது சேரவேண்டியது. மரணச் சான்றிதழோடு தொழில் திணைக்களத்துக்கு எழுதுங்கள். பெருந்தொகையை எதிர்பார்க்கவேண்டாம். 1983இல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 24 ரூபா; இன்று 300 அளவில். அன்று 20,000 ரூபா இருந்திருந்தால் அது 800 டொலருக்கு மேல். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் இன்று 70 டொலருக்கும் குறைவு. ஒரு நாள் லீவு எடுத்துத் தூதரகத்துக்குப் போகும் செலவுக்கே அது காணாமற் போகலாம்.

அவர் மறுநாளே பதில் எழுதினார். "காசுக்காக இல்லை, அங்கிள். அப்பா அங்கே வேலை செய்தார் என்று அவர்கள் ஒரு கடிதம் தந்தால் போதும்."

விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.